செவிக்கூட்டத்து ஒச்சம்மாள்

அறுபதுகளின் நடுவில், திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் காம்பு கிழிக்கும் பெண்களோடு ஒச்சம்மாள் என்று ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். வயது ஐம்பது இருக்கும். வம்பு தும்புக்குப் போகமாட்டாள். ஆனால் யாராவது பக்கத்தில் நகர்ந்து வந்து, ஊர் எது, புருஷன் என்ன ஆனார் என்று பரிவாக விசாரித்தால் போதும், "ஒன் சோலியப் பாரு" என்று எரிந்து விழுவாள். கூட இருந்தவர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். திமிரெல்லாம் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு ஆள் அவளைப் பரிவாக விசாரித்தான், அவளும் மனம் விட்டுச் சொன்னாள், அதனால் ஊரே சேர்ந்து அவளை விரட்டியடித்தது.

அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் சாணார்பட்டிக்குக் கிழக்கே, நத்தம் சாலையை விட்டு இரண்டு மைல் உள்ளே தள்ளி இருக்கிறது. பெயரைச் சொல்லி அதற்குப் பெருமை சேர்க்க வேண்டாம். புருஷன் இருளப்பன் கிணறு வெட்டுகிறவன். நாற்பத்தொன்பதாம் வருஷம், வேட்டு வைத்த பாறை ஒன்று நேரம் தப்பிச் சரிந்து, கிணற்றுக்குள்ளேயே அவன் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. அவனிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது ஒரு கறுப்புக் கம்பளியும், நிலத்தில் காது வைத்து நீரோட்டம் பார்க்கும் வித்தையும்தான்.

வித்தை என்றதும் மந்திரம் மாயம் என்று நினைக்க வேண்டியதில்லை. நான்கு வேப்பங்குச்சிகளை நான்கு மூலைக்கு அடிப்பாள். நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்து, குப்புறப் படுத்து, காதைக் குழிக்குள் வைப்பாள். காற்றுச் சத்தம் வராமலிருக்கத் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொள்வாள். கூட வரும் கருப்பம்மாள் என்ற விதவை, ஒவ்வொரு குச்சிக்குப் பக்கத்திலும் நின்று உலக்கையால் தரையில் மூன்று இடி இடிப்பாள். அடியில் காய்ந்த பாறை என்றால் சத்தம் கணீரென்று திரும்பும். ஈரம் இருந்தால் அமுங்கிப் போகும். இதெல்லாம் உச்சி வெயிலில்தான் நடக்கும். அப்போதுதான் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் கமலையை நிறுத்தி மாட்டை அவிழ்த்திருப்பார்கள், வண்டிப் போக்குவரத்தும் இருக்காது, பூமி சத்தமில்லாமல் கிடக்கும். காதோடு கண்ணையும் அவள் நம்பினாள் என்பது வேறு விஷயம். எந்த வரப்பில் அறுகு பச்சையாக இருக்கிறது, புற்று எங்கே வளர்ந்திருக்கிறது என்று முன்னாலேயே ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். பத்து வருஷத்தில் முப்பது கிணறுகளுக்கு மேல் அவள் இடம் காட்டியிருந்தாள். பொய்த்துப்போனவை மூன்றோ நான்கோதான்.

ஐம்பத்தெட்டில் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பூந்தோட்டத்துக்கு இடம் பார்க்கப் போனாள். தோட்டக்காரனின் மைத்துனன் சுருளிவேல் அன்று அங்கே வந்திருந்தான். பேகம்பூரில் அப்பாஸ் என்பவர் நடத்திய அச்சாபீசில் அவன் எழுத்துப் பிழை திருத்துகிறவன். மாதம் ஒரு மர்ம நாவல் வெளியிடும் வியாபாரமும் அந்த அச்சாபீசுக்கு உண்டு. காரிருளன் என்ற பெயரில் அதற்கு எழுதிக் குவித்தவனும் இவன்தான். பெயரைப் பார்த்து ஆளை எடை போட வேண்டாம். பல்லியைக் கண்டாலே எட்டிக் குதிப்பான்.

சுருளிவேலுக்கு அந்தச் சமயத்தில் ஒரு புது மோகம் பிடித்திருந்தது. பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்த இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள் சிலவற்றை அள்ளி வந்து படித்துக்கொண்டிருந்தான். அந்தக் கதைகளில் பேய் கிடையாது, பழிவாங்கும் ஆவி கிடையாது. மனித இனம் தோன்றுவதற்கு முன்பே நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து வந்து, பூமிக்குள்ளோ கடலுக்குள்ளோ படுத்துவிட்ட ஏதோ ஒன்று இருக்கும். மனிதனை அது எறும்பாகக்கூட மதிக்காது. அது விழிக்கும் நாளுக்காக ஒரு கூட்டம் ரகசியமாகக் கூடிப் பூசை போடும். படித்தவனைக் குலை நடுங்க வைப்பது அந்தப் பிரம்மாண்டம்கூட இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் அந்தக் கூட்டத்து ஆளாக இருக்கலாம் என்ற சந்தேகம்தான்.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் அவன் கவனித்து வைத்திருந்தான். துறைமுகக் கூலி, காட்டுக்குடி, வேற்றுமொழி பேசுகிறவன், சேற்று நிலத்தில் குடிசை போட்டிருப்பவன். எழுதியவனின் தெருவில் யாரைக் கண்டால் கதவைச் சாத்துவார்களோ அவனைப் பூசாரியாக்கியிருந்தார்கள். சுருளிவேலும் அதே வழியில் யோசித்தான். மில் முதலாளியைக் கூட்டத் தலைவனாக எழுதினால் அடியாள் வருவான். ஊர்ப் பெரியவரை எழுதினால் அச்சாபீசில் கல் விழும். எழுதப் படிக்கத் தெரியாத, கேட்க நாதியற்ற ஆளாக ஒருத்தர் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான், உச்சி வெயிலில் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் காது வைத்துக் கிடந்த ஒச்சம்மாளை அவன் பார்த்தான்.

வேலை முடிந்ததும் அவளுக்கு மோர் கொடுத்து, மாமரத்தடியில் உட்காரவைத்து, "எப்படி ஆத்தா இதைக் கத்துக்கிட்டீக?" என்று கேட்டான். புருஷன் செத்து ஒன்பது வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. அவள் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். இருளப்பன் செத்த கதையைச் சொன்னாள். கம்பளி எதற்கு, உலக்கை எதற்கு என்று சொன்னாள். பாறை வெடிப்பிலிருந்து சில்லென்று காற்று வந்து உஸ்ஸென்று சத்தம் கேட்டால் ஊற்று இரண்டு முழத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம், அது புருஷன் சொன்ன கணக்கு என்றாள். அவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தான். தன் பேச்சை ஒருவன் எழுதிக்கொள்கிறான் என்று அவளுக்குப் பெருமை வேறு.

அடுத்த வருஷம் மாசியில் 'பாதாள மூச்சு' வெளிவந்தது. செவிக்கூட்டம் என்று ஒரு ரகசியச் சங்கம். அதில் எல்லாரும் விதவைகள். உச்சி வேளையில் நான்கு குச்சி அடித்து, கறுப்புக் கம்பளிக்குள் படுத்து, பூமிக்கடியில் தூங்குகிற ஒன்றின் மூச்சைக் கேட்பார்கள். உலக்கையால் மூன்று இடி இடித்து அதை எழுப்புவார்கள். கிணறு என்று ஜனங்கள் வெட்டுவதெல்லாம் உண்மையில் அதற்கு வாய் திறந்துவிடும் வேலை. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பலி உண்டு. சங்கத் தலைவி கொடுத்த முதல் பலி அவளுடைய சொந்தப் புருஷன். பாறை வெடிப்பில் குளிர்ந்த காற்று வந்தால் அது விழித்துவிட்டது என்று அடையாளம். யாராவது மடக்கிக் கேட்டால் "தண்ணிக்குத்தான் காது வச்சோம்" என்று சங்கத்தார் சாதிப்பார்கள் என்றும் ஒரு வரி எழுதியிருந்தான்.

இதை எழுதியவன் சாமர்த்தியசாலிதான், மறுப்பதற்கில்லை. ஒருத்தியின் வாயிலிருந்த உண்மையையே பிடுங்கி, அதையே பொய்க்கு அடையாளமாக மாற்றி வைத்துவிட்டான். இனி அவள் எதைச் சொல்லித் தப்பிப்பாள்?

ஒச்சம்மாளின் ஊரில் டீக்கடை வைத்திருந்த பொம்மையன் சந்தைக்குப் போனபோது அந்த நாவலை வாங்கி வந்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பான். ஆனால் குரலில் நல்ல ஏற்ற இறக்கம் உண்டு. தினமும் காலையில் ஒரு அத்தியாயம். முப்பது பேர் கேட்டார்கள். இரண்டாம் நாளே ஒருவன், "ஏலே, இது நம்ம ஒச்சம்மாள்ல?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான்காம் நாள் யாரும் சிரிக்கவில்லை. ஆறாம் நாள் அவள் டீக்கடையைத் தாண்டிப் போனபோது, பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தி முந்தானையால் அதன் முகத்தை மூடினாள்.

கருப்பம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பத்து வருஷம் ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவள், "அவ இடிக்கச் சொன்னா இடிச்சேன். எதுக்கு இடிக்கச் சொன்னான்னு எனக்கென்ன தெரியும்?" என்று கையை விரித்துவிட்டாள். பயம்தான். அவளும் விதவை, அடுத்து தன் பெயர் வந்துவிடும் என்று நடுங்கினாள். இருந்தாலும் அந்தப் பேச்சை மன்னிக்க முடியாது.

அந்தச் சமயம் ஊருக்குத் தெற்கே சோலைமுத்து என்ற சம்சாரியின் காட்டில், ஒச்சம்மாள் காட்டிய இடத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷமாக மழை ஏமாற்றி, தென்னம்பிள்ளைகள் கருகிக்கொண்டிருந்ததால் சோலைமுத்து ஊர்ப்பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வேலையை நடத்தினான். சித்திரை கடைசியில் முப்பத்தெட்டடி போயிருந்தது. ஒரு நாள் காலையில் கடப்பாரை இறங்கிய வெடிப்பிலிருந்து சில்லென்று காற்று வந்தது. உஸ்ஸென்று சத்தமும் வந்தது. வேறு காலமாக இருந்தால் மண் சுமக்கும் பெண்கள் குலவையிட்டிருப்பார்கள். அன்றைக்கு வெட்டுகிறவர்கள் கடப்பாரையைப் போட்டது போட்டபடி ஏறி ஓடினார்கள்.

ஒச்சம்மாளுக்குச் செய்தி வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. "ரெண்டு முழந்தான் சோல, ரெண்டே முழம். வெட்டச் சொல்லு" என்று ஓடி வந்தாள். கரையில் நின்ற ஒருவன் கூட அவளுக்கு வழி விடவில்லை. அவர்கள் பார்த்த பார்வையில்தான் தன்னைச் சுற்றி என்ன நடந்திருக்கிறது என்பது அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

அன்று மாலையே ஊர்க்கூட்டம் போட்டார்கள். கிணற்றைத் தூர்த்துவிடுவது, ஒச்சம்மாளை ஊரை விட்டு அனுப்புவது என்று இரண்டு முடிவு. அவள் கூட்டத்தின் நடுவில் நின்று, "தண்ணிக்குத்தான்யா காது வச்சேன்" என்றாள். பொம்மையன் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "போட்டிருக்கு பாரு, இதையேதான் சொல்லுவாகன்னு போட்டிருக்கு" என்றான். கூட்டம் சலசலத்தது. அவள் கடைசியில் ஒன்று கேட்டாள்: அந்தக் கதையை எழுதினவனையே கூட்டி வருகிறேன், அவன் வாயாலேயே பொய் என்று சொல்ல வைக்கிறேன், எட்டு நாள் பொறுங்கள். சோலைமுத்துவும் கெஞ்சியதால் எட்டு நாள் கொடுத்தார்கள்.

பேகம்பூர் அச்சாபீசில் சுருளிவேல் அவளை அடையாளம் தெரியாதவன் போலத்தான் முதலில் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு பூரிப்பு வந்தது. தன் கதையை ஓர் ஊரே நம்புகிறது என்றால் எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

"இது கதைம்மா. யாவும் கற்பனையேன்னு மொத பக்கத்துலயே போட்டிருக்கே" என்றான்.

"அது போலீசுக்குப் பயந்து போட்டதுங்கிறாக."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"வந்து சொல்லுங்க தம்பி. என் புருசன நானே கொன்னேன்னு எழுதியிருக்கீகளே, அத வந்து பொய்யின்னு சொல்லுங்க."

அவன் பேனாவை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவள் அச்சாபீஸ் வாசற்படியில் உட்கார்ந்தாள். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் உட்கார்ந்தாள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள், வாசலில் அழுது வீங்கிய முகத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அபசகுனம் என்று வேறு அச்சாபீசுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் அப்பாஸ் பொறுமை இழந்தார்.

"மறுப்பெல்லாம் அச்சடிக்க முடியாதும்மா, ரெண்டாம் பாகம் வருது" என்று அவளிடம் சொன்னார். பிறகு உள்ளே திரும்பி, "ஏம்ப்பா சுருளி, ஒரு நா போயி தலையைக் காட்டிட்டு வந்துடேன். எழவு, வாசல்ல ஒரு கிராக்கி நிக்க மாட்டேங்குது" என்றார். நியாயத்துக்காக அல்ல, வியாபாரத்துக்காகத்தான் அவனை அனுப்பினார். ஒச்சம்மாளுக்கு அதுவே பெரிதாகத் தோன்றியது. நத்தம் பஸ்ஸில் வழி நெடுக அவனுக்குத் தன் முந்தானையால் விசிறிக்கொண்டு வந்தாள். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கிணற்றங்கரையில் ஊரே கூடியிருந்தது. சுருளிவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, செவிக்கூட்டம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் தன் மூளையில் உதித்த கற்பனை என்றான். காரியம் முடிந்தது என்று ஒச்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பொம்மையன் முன்னால் வந்தான். "சார், இந்தம்மா கம்பளி போத்திப் படுக்கிறது கற்பனையா?"

"இல்ல, அது நான் பாத்தது."

"நாலு குச்சி? ஒலக்க?"

"அதுவும் பாத்ததுதான்."

"இவ புருசன் கெணத்துக்குள்ள செத்தது?"

"அவங்களே சொன்னாங்க."

"வெடிப்புல காத்து வரும்னு எழுதினீகளே?"

"அதுவும் அவங்க சொன்னதுதான். ஆனா கீழ ஒண்ணு படுத்திருக்குன்னு எழுதினது மட்டும் பொய்."

"எறங்கிப் பாத்தீகளா?" என்றான் பொம்மையன்.

பொம்மையன் முட்டாள் இல்லை, அதுதான் கொடுமை. கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் சரியான கேள்வி. "அம்புட்டும் நெசம், அது ஒண்ணு மட்டும் பொய்யாக்கும்? எறங்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா நாங்க நாளைக்கே வெட்ட ஆரம்பிக்கிறோம்" என்றான். கூட்டமும் அதையே சொன்னது. சோலைமுத்து வடத்தில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். போகப்போகிற மானத்தை நினைத்து, மறுக்க வழியில்லாமல், சுருளிவேல் கூடைக்குள் ஏறினான்.

"பயப்படாதீக தம்பி. காத்துதான். கைய வச்சுப் பாருங்க, ஈரம் தட்டும்" என்று ஒச்சம்மாள் சொல்லி அனுப்பினாள்.

நடுப்பகல். கிணற்றின் அடி வரைக்கும் வெளிச்சம் விழுந்தது. மேலே நின்றவர்களுக்கு அவன் கூடையை விட்டு இறங்குவதும், சுவரோரம் குனிவதும் தெரிந்தது. வெடிப்பில் கையை வைத்தான். உடனே இழுத்துக்கொண்டான். மறுபடியும் குனிந்து, இந்தத் தடவை காதை வைத்தான். அப்படியே சில விநாடி இருந்தான். பிறகு கூடையைக்கூடத் தேடாமல் வடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தூக்குங்க! தூக்குங்கய்யா!" என்று கத்தினான்.

மேலே வந்தவன் உட்கார்ந்த இடத்தில் வாந்தி எடுத்தான். எந்தக் குளிரை நினைத்து நினைத்து ஒரு வருஷமாக எழுதினானோ அந்தக் குளிர் விரலில் பட்டதும், தான் எழுதியது கதை என்பதே அவனுக்கு மறந்துபோய்விட்டது. "மூச்சு விடுது" என்றான். "உள்ள இருக்கு. மூச்சு விடுது."

"தண்ணிடா அது! தண்ணிக்கு முன்னால வர்ற காத்துடா! படுபாவி, நாந்தானடா ஒனக்குச் சொன்னேன்!" என்று ஒச்சம்மாள் அலறினாள். அலறி என்ன பயன்? அந்த ஊரில் தண்ணீர் என்ற பேச்சை எடுக்க உரிமையில்லாத ஒரே மனுஷி அவள்தான். யாரோ அவள் முதுகில் உதைத்தார்கள். முழங்கால் மடங்கி விழுந்தவளை இரண்டு பேர் பிடித்து வேலியோரம் கொண்டுபோய்ப் புளியமரத்தில் கட்டினார்கள். அவளைக் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கருப்பம்மாள் பிடித்திருந்தாள்.

சுருளிவேலை மரியாதையோடு வண்டி கட்டி பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தார்கள். ஊரைக் காப்பாற்றியவன் அல்லவா!

பிறகு தூர்க்கிற வேலை. மாதக் கணக்கில் வெட்டி மேலேற்றிக் குவித்த பாறைகளைக் கடப்பாரை போட்டு நெம்பி உள்ளே தள்ளினார்கள். மூன்று ஆள் சேர்ந்து நகர்த்த வேண்டிய கற்கள் முப்பத்தெட்டடி ஆழத்துக்கு விழுந்து மோதின. ஒவ்வொன்று விழும்போதும் பெண்கள் குலவையிட்டார்கள். கட்டிப்போட்ட இடத்தில் ஒச்சம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் கணீரென்றுதான் கேட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் விழுந்த ஒரு பெரிய கல் அடியில் எதையோ உடைத்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு விழுந்த கற்களின் சத்தம் அமுங்கிப் போயிற்று. சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பாறைக்கு மேல் மண் போட்டார்கள். பாதிக்கு மேல் நிரம்பியதும் மண்ணைச் சமப்படுத்தச் சோலைமுத்து உள்ளே இறங்கினான். காலையில் புழுதியாகக் கொட்டிய மண் பகலுக்குள் கறுத்திருந்தது. இரண்டு எட்டு வைத்தான். கால் கணுக்கால் வரைக்கும் புதைந்தது. குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிப் பிழிந்தான். விரல் இடுக்குகளில் தண்ணீர் ஒழுகி, முழங்கை வரைக்கும் வழிந்து, சொட்டியது.

கரையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பொம்மையன் பார்த்தான். கருப்பம்மாள் பார்த்தாள். மரத்தில் கட்டியிருந்த ஒச்சம்மாள் அவர்கள் முகங்களை வைத்தே புரிந்துகொண்டாள். சோலைமுத்து நிமிர்ந்து, கருகி நின்ற தன் தென்னம்பிள்ளைகளைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். தண்ணீர் என்று ஒருவன் சொன்னால் போதும். நேற்று முதுகில் உதைத்த கால் யாருடையது, கயிற்றைப் பிடித்த கை யாருடையது என்று எல்லாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சோலைமுத்து ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"அடுத்த கூடை மண்ணக் கொண்டாங்கப்பா" என்றான்.